ஏழு சீட்டு, ஒரே ஆள்

எண்ணெய் அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகளை மக்கள் வாங்காதபடி அரசு கடிவாளம் போட வேண்டுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டுப் பக்கத்துத் தபால். வண்டித் தொழில்நுட்பமும் வரிக் கணக்கும் அறிந்த இருவர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

பசுமை, சுற்றுச்சூழல் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் பெரிய எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி.யைக் குறைத்துவிட்டார்கள். பெரிய வண்டியை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், செக்காலை, காரைக்குடி

வேண்டும். ஆனால் எது பெரிய வண்டி என்பதை அரசு தப்பாக அளக்கிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்பு எலக்ட்ரிக் தவிர எல்லாக் கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28%, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் தீர்வை. சின்ன பெட்ரோல் காருக்குச் செஸ் 1%தான். நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்ற மூன்றும் சேர்ந்தால் செஸ் 22%, ஆக மொத்தம் 50%. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலானால் 1,200 சி.சி.க்குள்ளும், டீசலானால் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால் 18%. எலக்ட்ரிக் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 40%. சின்ன பெட்ரோல் காருக்கு 11 சதவீதப் புள்ளி குறைந்தது, பெரிய எஸ்.யூ.வி.க்கு 10 புள்ளி குறைந்தது. எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில் நீளமானவற்றுக்கு முன்பு 43%. அவற்றுக்குக் கிடைத்தது வெறும் 3 புள்ளி. அதாவது, இருப்பதில் குறைவாக எண்ணெய் குடிக்கும் இனத்துக்குத்தான் மிகக் குறைந்த சலுகை.

இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் நீளம் 4,345 மி.மீ., சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ., வரி 40%. 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் போட்ட மூன்று கதவு மகிந்திரா தார் 3,985 மி.மீ. அது காற்றைக் கிழிக்கிற வடிவமல்ல, பீரோவுக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். ஆனால் அதற்கு 18%. நம் வரிச் சட்டம் தையற்காரர் மாதிரி. நாடா பிடித்து அளக்கும். எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்காது.

நாடா பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இருபது வருஷ உதாரணம் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் இதே 4 மீட்டர் கோட்டைக் கிழித்து, சின்னக் காருக்குக் கலால் வரியை 24%-லிருந்து 16% ஆக்கினார்கள். அன்றிலிருந்து செடான்களின் வால் வெட்டுப்பட ஆரம்பித்தது. 4,160 மி.மீ. இருந்த மாருதி டிசையர் 2012-ல் 3,995 மி.மீ. ஆனது, டிக்கி சுருங்கியது. 2013-ல் 170 மி.மீ. தரை இடைவெளியை வைத்து எஸ்.யூ.வி.க்குக் கலால் 30% ஆனதும், மகிந்திரா எக்ஸ்.யூ.வி.500-இன் இடைவெளியை அதற்குக் கீழே இறக்கிவிட்டார்கள். 2015 டிசம்பரில் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை டெல்லி வட்டாரத்தில் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை போட்டது; அடுத்த மாதமே 1.99 லிட்டர் எஞ்சின் வந்தது. 2016 ஆகஸ்டில் விலையில் 1% பசுமைக் கட்டணம் என்று தடை தளர்ந்தது. கம்பெனிக்காரர்கள் மேல் குற்றமில்லை. வேலி எங்கே முடிகிறதோ அங்கே மாடு மேயும்.

நீளம், சி.சி., தரை இடைவெளி மூன்றையும் விட்டுவிட்டு, 100 கி.மீ. ஓட எத்தனை லிட்டர் என்ற ஒரே எண்ணை வைத்து வரி போட வேண்டும். அந்த எண் அரசிடம் ஏற்கனவே இருக்கிறது. கார் கம்பெனிகளின் சராசரிக்கு 2022-23 முதல் கிலோமீட்டருக்கு 113 கிராம் கரியமில வாயு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் கணக்கில் அது 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 4.8 லிட்டர். அதற்கு மேல் குடிக்கும் ஒவ்வொரு அரை லிட்டருக்கும் வரி ஏறட்டும், கீழே இறங்கினால் அந்தப் பணத்திலிருந்தே கழிவு கிடைக்கட்டும். ஒரு எச்சரிக்கை: இப்போதைய கம்பெனி இலக்கில், கம்பெனி விற்கும் வண்டிகளின் சராசரி எடை கூடினால் இலக்கும் தளர்ந்து கொடுக்கும். அந்த ஓட்டையை வரியிலும் கொண்டுவந்து வைத்தால் பழைய கதைதான்.

தமிழ்நாட்டு சாலை வரி விலையைப் பார்த்துப் போடப்படுகிறது. 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. வசூலுக்கு இது சரி. ஆனால் விலை வேறு, தாகம் வேறு.

எங்கள் வீட்டார் எல்லோரும் சென்னையில். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மட்டும் ஊருக்கு வருவோம். ஷெட்டில் நிற்கும் ஏழு சீட்டு டீசல் வண்டி வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. பேரன், "இது ஊரைக் கெடுக்கிற வண்டி ஆச்சி, வித்துடுங்க" என்கிறான். அவன் சொல்வது சரியா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பேரனுக்கு மனசு சரி, கணக்கு சரியில்லை, ஆச்சி.

உங்கள் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 2,000 கி.மீ.க்கு 167 லிட்டர். சென்னை நெரிசலில் லிட்டருக்கு 16 கொடுக்கும் சின்னக் காரில் வருஷம் 15,000 கி.மீ. ஆபீஸ் போய்வருகிறவர் 938 லிட்டர் எரிக்கிறார். நிற்கிற வண்டி புகை விடுவதில்லை. விற்றால் அது ஒழிந்தும் போகாது. வாங்குகிறவர் வாடகைக்கு விட்டு வருஷம் 40,000 ஓட்டுவார்.

ஆள் கணக்கும் பாருங்கள். படைப்புக்கு ஏழு பேர் அதில் வந்தால் 100 கி.மீ.க்குத் தலைக்கு 1.2 லிட்டர். அதே ஏழு பேர் லிட்டருக்கு 20 கொடுக்கும் இரண்டு சின்னக் கார்களில் பிரிந்து வந்தால் 1.4. ஐம்பது பேர் ஏறிய பஸ் லிட்டருக்கு 5 கி.மீ. ஓடினாலும் தலைக்கு 0.4 லிட்டர்தான். உங்கள் வண்டியை டிரைவர் மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கொத்துமல்லிக் கட்டு வாங்கி வந்தால், அந்த ஒருவருக்கு 8.3 லிட்டர் கணக்கு. வண்டிமேல் தப்பில்லை, ஏழு சீட்டில் ஒருவர் போவதுதான் தப்பு.

அதனால்தான் வாங்கும்போது ஒரே தடவையில் கட்டும் ஆயுள் வரியைவிட லிட்டருக்கு லிட்டர் விழும் எண்ணெய் வரி நியாயமானது என்கிறோம். ஆயுள் வரிக்கு உங்கள் 2,000 கி.மீ.யும் தெரியாது, மற்றவரின் 40,000-மும் தெரியாது. ஆனால் எண்ணெய் வரியிலும் ஒரு கோணல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13% வரியும் லிட்டருக்கு ரூ.11.52-உம், டீசலுக்கு 11% வரியும் ரூ.9.62-உம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் எரிந்தால் 2.7 கிலோ. அதிகம் கக்குவதற்குக் குறைந்த வரி. பஸ்ஸுக்கும் லாரிக்கும் கொடுத்த நிழலில் சொகுசு வண்டியும் வந்து ஒதுங்கிக்கொண்டது. 2010-லேயே, எண்ணெய் விலையை ஆராய மத்திய அரசு அமைத்த கிரித் பாரிக் குழு, டீசல் கார் ஒன்றுக்கு ரூ.80,000 கூடுதல் தீர்வை போடச் சொன்னது. அரசு போடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஷெட்டிலேயே வைத்து மாதம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். எஞ்சின் சூடாவதற்குள் அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர் கோர்த்துத் துரு பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். எடுத்தால் 20 கி.மீ. ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, டயர்களில் வழக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்றடித்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முதல் கியரில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்துகிறதா என்று பாருங்கள்.

கம்பெனி சொன்ன மைலேஜ் 16. எனக்கு 11-தான் வருகிறது என்று தோன்றுகிறது. மெக்கானிக்கோ "எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு" என்கிறார். உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தேவகோட்டை

இரண்டும் உண்மையாக இருக்கலாம். சான்றிதழ் மைலேஜ் சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுப்பது, ஏ.சி. கிடையாது, வேகம் 90-ஐத் தாண்டாது. தேவகோட்டைச் சித்திரை வெயிலில் ஏ.சி. போடாமல் யார் ஓட்டுவது?

டேஷ்போர்டு காட்டும் எண்ணையும் ஒதுக்கிவிட்டு இப்படிச் செய்யுங்கள். பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்லி, குழாய் முதல் தடவை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல 300–400 கி.மீ. ஓட்டுங்கள். அதே பங்க், அதே பம்ப்பில் மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். 372 கி.மீ. ஓடி 33.8 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 11. டீசல் நுரைக்கும் என்பதால் குழாய் சில நேரம் ஒன்றிரண்டு லிட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அதனால் மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். 'டக்' ஆன பிறகு ரூபாய்க் கணக்கை ரவுண்டாக்கப் பிழிந்து பிழிந்து ஊற்றுவது பெட்ரோல் வண்டிக்கு ஆகாது. டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே இறங்கி அதைக் கெடுத்துவிடும். பிறகு பங்க்கிலிருந்து கிளம்பும்போதெல்லாம் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும்.

டயர் மாற்றியிருக்கிறீர்களா? அழகுக்காகப் போட்ட பெரிய டயரின் விட்டம் 3% கூடியிருந்தால் மீட்டர் 3% குறைவாகக் காட்டும். மைலேஜும் அந்த அளவு குறைந்ததாகத் தெரியும்.

இனி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் போகிற வண்டி 100-ல் போனால் காற்று 1.56 மடங்கு தள்ளும். உயரமும் அகலமுமான எஸ்.யூ.வி.க்கு அந்தத் தள்ளல் 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 46 கிலோ எடை. சின்னக் காருக்கு 30 கிலோதான். திருச்சி சாலையில் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேருவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். கூரைமேல் காலி கேரியர் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

மைலேஜ் என்ற கணக்கே ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 20 கொடுக்கும் கார் 25 கொடுத்தால் 5 கூடியது, 8 கொடுக்கும் வண்டி 10 கொடுத்தால் 2 கூடியது என்று முதலாவதைப் பாராட்டுவோம். 100 கி.மீ.க்கு லிட்டராக மாற்றுங்கள். முதலாவது 5-லிருந்து 4 லிட்டர், மிச்சம் 1. இரண்டாவது 12.5-லிருந்து 10, மிச்சம் 2.5. அரசு எங்கே கைவைத்தால் நாட்டுக்கு அதிகம் மிஞ்சும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

பெரிய கார்கள் கனமானவை, ரோட்டைக் கெடுக்கின்றன. எடைக்கு ஏற்ப வரி போடலாம் அல்லவா?
– வாசகர், திருமயம்

எடைக்கு வரி போடலாம். ஆனால் ரோட்டைக் காரணம் காட்டாதீர்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958–60-ல் நடந்த பெரிய சாலைச் சோதனையில் தெரிந்த விதி: சாலைக்கு வரும் சேதம், சக்கர அச்சு ஒன்றின்மேல் விழும் எடையின் நான்காம் படியாக ஏறும் (எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு). 2.4 டன் எஸ்.யூ.வி.யின் ஓர் அச்சில் 1.2 டன், 1.1 டன் சின்னக் காரில் 0.55. சேதம் ஏறக்குறைய 23 மடங்கு! பயப்படாதீர்கள். உங்கள் ஊர் வழியே போகும் ஜல்லி லாரியின் பின் அச்சுக்குச் சட்டமே 11.5 டன் வரை அனுமதிக்கிறது. அது செய்யும் சேதம் எஸ்.யூ.வி. அச்சு செய்வதைப் போல சுமார் 8,000 மடங்கு. 20% அதிகப் பாரம் ஏற்றினால் அந்தச் சேதமும் இரட்டிக்கும். காரைப் பிடிப்பதற்கு முன் எடைமேடையைப் பிடிக்க வேண்டும்.

கனத்துக்கு வரி கேட்க வேறு நல்ல காரணம் இருக்கிறது: ரோட்டில் நடக்கிற மனிதர். தைப்பூசத்துக்குப் பழநிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் இருட்டில் சாலை ஓரத்தில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த, சரிந்த முகப்புள்ள கார் மோதினால் ஆள் கால் அடிபட்டுப் பானெட்டின்மேல் விழுவார். முகப்பு நெஞ்சுயரத்துக்குச் செங்குத்தாக இருந்தால் அடி நெஞ்சிலும் தலையிலும் விழும். ஆள் வண்டிக்கு அடியில் போவார். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மோதினால், 30 அங்குலத்துக்குள் இருக்கும் சரிந்த முகப்பு வண்டிகளைவிட மரணம் சுமார் 45% அதிகம். அதன் முன்னால் இரும்புக் கம்பி வேறு மாட்டிக்கொள்கிறார்கள். அந்த முன்கம்பிக்கு 2017 டிசம்பரிலிருந்து நாடு முழுக்கத் தடை. ஏர்பேக் சென்சார் மோதலை உணர்ந்துகொள்வதையும் அது குழப்பும். அதாவது உள்ளே இருப்பவருக்கும் அது கேடுதான்.

புது பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் எஸ்.யூ.வி. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கடைக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர். தினம் நான்கு தடவை போய்வருவேன். சைலன்சர் படம் போட்ட விளக்கு அடிக்கடி எரிகிறது. "உள்ளே இருக்கிற ஃபில்டரை எடுத்துட்டா மைலேஜும் கூடும்" என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், கண்டனூர்

எடுக்கக் கூடாது. வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வாரண்டியும் போகும். புகை நேராக உங்கள் வீட்டு முகப்புக்குள் வரும்.

என்ன நடக்கிறது என்றால், அந்த ஃபில்டர் டீசல் கரியைப் பிடித்துவைக்கும். நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு 60 கி.மீ.க்குக் குறையாத வேகத்தில் பதினைந்து இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும். உங்கள் மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள் கடை வந்துவிடுகிறது. சுத்தம் செய்ய வண்டி கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் எரிந்து முடிவதற்குள் நீங்கள் அணைத்துவிடுவதால், அது சிலிண்டர் சுவரோடு வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. நாளைக் காலை சமதரையில் நிறுத்தி, ஆயில் குச்சியைத் துடைத்துவிட்டு, மறுபடி நுழைத்து எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், விரலில் தொட்டு முகரும்போது டீசல் வாசனை அடித்தால், இனி ஓட்டாதீர்கள். ஆயிலை மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள். நீர்த்த ஆயில் டர்போவைத் தின்னும்.

ஆயில் மட்டம் சரியாக இருந்தால், விளக்கு எரிந்த அன்றே திருமயம் வரை வழக்கத்தைவிட ஒரு கியர் கீழிறக்கி, எஞ்சினை நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வைத்துப் போய்வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கு மினுக்கினால் அல்லது வண்டி இழுக்காமல் போனால் சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் எரிக்க வேண்டும். யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியென்றால் அந்த டேங்க்கையும் காய விடாதீர்கள். காலியானால் அடுத்த தடவை ஸ்டார்ட்டே ஆகாது.

நீங்கள் ஒரு நாளைக்கு ஓட்டும் 24 கிலோமீட்டருக்கு இந்த எஞ்சின் பொருந்தாது. வாங்குகிறவரின் ஓட்டத்தைக் கேட்டுவிட்டு விற்கும் ஷோரூம் அரிது.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே கார் வாங்குவதற்கே ஏலத்தில் சீட்டு எடுக்க வேண்டுமாம். இங்கேயும் அப்படி வைத்தால் என்ன?
– வாசகர், கோட்டையூர்

சிங்கப்பூரில் 1990 முதல் அந்த முறை. சீட்டு என்பது கார் வைத்துக்கொள்ளும் உரிமம், அதற்கு ஆயுள் 10 வருஷம். எஞ்சின் 1,600 சி.சி.க்குள், அதன் சக்தி 97 கிலோவாட்டுக்குள் என்றால் ஒரு பிரிவு, அதற்கு மேல் வேறு பிரிவு. 2023 அக்டோபரில் பெரிய பிரிவுச் சீட்டு மட்டும் 1,50,001 சிங்கப்பூர் டாலருக்குப் போனது, கார் விலை தனி. தீவு முழுக்க ரயில் ஓடும் ஊரில் அதைச் செய்யலாம். கடைசி பஸ் போனபின் உடம்பு சரியில்லாத அப்பச்சியை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டிய நமக்கு அது ஆகாது.

நமக்குப் பாடம் ஜப்பானிலும் பிரான்சிலும் இருக்கிறது. ஜப்பானில் 660 சி.சி., 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குள் இருக்கும் கார்களுக்கு வரி குறைவு. கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று 1962-லிருந்து சான்று காட்ட வேண்டும். பல கிராமங்களில் சின்னக் காருக்கு அந்தச் சான்றும் வேண்டாம். பிரான்சில் 2022-ல் கார் எடை 1,800 கிலோவுக்கு மேல் போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ வரி வைத்தார்கள், 2024-ல் அந்த வரம்பை 1,600 கிலோவுக்கு இறக்கினார்கள். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்குப் பிள்ளைக்கு 200 கிலோ கழிவு உண்டு. கூட்டுக் குடும்பத்தை மறக்காத வரி என்பதால் இது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பாரிஸில் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, 1,600 கிலோவுக்கு மேற்பட்ட வெளியூர்க் கார்களுக்கு நகர மையத்தில் நிறுத்தக் கட்டணத்தை மணிக்கு 18 யூரோ ஆக்கினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் 6% கூட இல்லை என்பது வேறு விஷயம்.

எடை பார்த்து நிறுத்தக் கட்டணம் வாங்குவதைக் காரைக்குடி மாநகராட்சி நாளைக்கே செய்யலாம். வண்டியின் வெற்று எடை ஆர்.சி.யிலேயே அச்சிட்டிருக்கிறது. நகரத்தார் ஊர்த் தெருக்கள் தேரோடும் அகலம், அங்கே தொல்லையில்லை. ஆனால் கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கத்தில் 1.9 மீட்டர் அகல வண்டி இரண்டு எதிரெதிரே நின்றால் காய்கறிக் கூடை தூக்கி வருபவர் எங்கே போவார்?

அமெரிக்காவைப் பார்த்து மட்டும் செய்ய வேண்டாம். அங்கே 1978-லேயே எண்ணெய் குடிக்கும் கார்களுக்கு வரி போட்டார்கள், லிட்டருக்கு 9.6 கி.மீ.க்குக் கீழே போனால் தண்டம். ஆனால் எஸ்.யூ.வி.யையும் பிக்கப்பையும் 'லாரி வகை' என்று விலக்கிவிட்டார்கள். அப்புறம் ஊரெல்லாம் எஸ்.யூ.வி.

பெரிய வண்டியே எலக்ட்ரிக்காக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பாதிதான். பெரிய எலக்ட்ரிக் எஸ்.யூ.வி. 100 கி.மீ.க்குச் சுவர் பிளக்கிலிருந்து சுமார் 20 யூனிட் இழுக்கும். நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 140 கிராம். லிட்டருக்கு 11 கொடுக்கும் டீசல் எஸ்.யூ.வி. 244 கிராம், 18 கொடுக்கும் சின்ன பெட்ரோல் கார் 128 கிராம். அதாவது பெரிய எலக்ட்ரிக்கும் சின்ன பெட்ரோலும் இன்றைக்குப் பங்காளிகள். சின்ன எலக்ட்ரிக் என்றால் 90 கிராமுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஜி.எஸ்.டி. இரண்டு எலக்ட்ரிக்குக்கும் ஒரே 5%. அங்கேயும் எடையைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

வீட்டில் சோலார் இருந்தால் கணக்கு மாறும். 3 கிலோவாட் பலகை நம் வெயிலில் நாளுக்கு சுமார் 12 யூனிட் தரும், பெரிய வண்டிக்கே 60 கி.மீ. ஓட்டம். மத்திய அரசு மானியம் ரூ.78,000. பழைய வீட்டின் நாட்டு ஓட்டுக் கூரைமேல் மட்டும் மாட்ட விடாதீர்கள். ஆள் ஏறினாலே ஓடு நகரும், அடுத்த ஐப்பசியில் வளவுக்குள் மழை. மொட்டை மாடி இல்லையென்றால் கார் ஷெட்டின் தகரக் கூரை போதும். பேட்டரி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசையென்றால், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பொதுமக்களை உள்ளே விடும் நாள்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏழு சீட்டு வாடகை வண்டி ஓட்டுகிறேன். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ராமேஸ்வரம் சவாரிதான் சோறு போடுகிறது. பெரிய வண்டிக்கு வரி என்றால் முதலில் அடிபடுவது நாங்கள்தானே?
– ஓட்டுநர், மானகிரி

எண்ணெய்க் கணக்கில் வரி போட்டாலும் உங்களுக்குத் தனிக் கழிவு வேண்டும் என்றே சொல்வோம். ஆறு பேரை ஏற்றிப் போகும் உங்கள் வண்டி இரண்டு கார்களை ரோட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. மஞ்சள் பலகை வண்டி என்று பதிவிலேயே இருப்பதால் பிரித்துக் கொடுப்பதும் சுலபம்.

அமைச்சரும் அதிகாரியும் வரிசையாகப் பெரிய வண்டியில் போகும்போது எங்களுக்கு மட்டும் ஏன் உபதேசம்?
– வாசகர், புதுவயல்

நியாயமான கேள்வி. சட்டம் போடுவதற்கு முன்பே அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு: அரசு வண்டிக்கான டெண்டரில் வாங்கும் விலையோடு, 10 வருஷ எண்ணெய்ச் செலவையும் கூட்டி, குறைந்த மொத்தத்துக்கு ஆர்டர் கொடுப்பது. லிட்டருக்கு 11 கொடுக்கும் டீசல் வண்டி வருஷம் 25,000 கி.மீ. ஓடினால் 2,273 லிட்டர். 20 கொடுத்தால் 1,250. ஒரு வண்டிக்கு வருஷம் 1,000 லிட்டருக்கு மேல் மிச்சம். ஒவ்வொரு அரசு வண்டியிலும் ஓட்டப் பதிவேடு ஏற்கனவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கூட்டல் போட ஆள்தான் வேண்டும்.